நிறைந்த கலமும் வண்டித் தடுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஊர்திகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் வேகத்தைப் பற்றியே எழுதுவர். எந்த ஆண்டில் எந்த வண்டி எத்துணை விரைவாக ஓடிற்று என்பது நூல்களிலே தவறாது இடம்பெறும். ஓடும் வண்டியை நிறுத்தும் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதோ அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. ஆயினும், ஓடச் செய்தலினும் நிறுத்துதலே பொறியியலாளருக்குப் பொறுப்பு மிகுந்த பணியாகும். ஓடாத வண்டி எவருக்கும் தீங்கு செய்வதில்லை. நில்லாத வண்டியே உயிருக்கு ஊறு விளைக்கும்.

பிறேக் என்று வழக்கிலே சொல்லப்படும் தடுப்பு, வண்டியின் இயக்கச் சக்தியை வெப்பமாக்கி வெளியே விடுவது. சில்லோடு கட்டை உராய்கின்றது. உராய்விற் பிறந்த வெப்பம் காற்றோடு கலந்து போகின்றது. மின்வண்டியிலே இதனின் வேறான ஒரு தடுப்பும் உண்டு. வண்டியை ஓட்டிய மோட்டரே, ஓட்டம் தணியும் வேளையில், மின்னைப் பிறப்பிக்கும் தைனமோவாக மாறிச் சில்லுகளின் சக்தியை மின்னாக்கி, வந்த வழியே திருப்பி அனுப்புகின்றது. இதனை மீட்புத் தடுப்பு எனலாம். வீணாகும் சக்தி மீளக் கிடைப்பதால் இது சிக்கனமானது. கட்டைகள் தேயாமையால் நீடித்து உழைப்பது. எனினும் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கொடுப்பவன் இருந்தால் மட்டும் போதாது. வாங்குபவனும் இருத்தல் வேண்டும். மின்கலவடுக்கு முழுமையாக நிரம்பியிருக்குமாயின் அது மேலும் மின்னை ஏலாது. ஏலாதபோது மீட்புத் தடுப்பும் தளர்ந்துவிடும். ஆகவே, மின்காரின் தடுப்பு வன்மை அதன் பற்றரியில் எவ்வளவு மின் உண்டு என்பதைப் பொறுத்ததாகின்றது. வியப்பளிக்கும் இவ்வுண்மை இன்று நேற்றுத் தோன்றிய சிக்கலன்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியியலாளர் வெவ்வேறு உருவத்திற் சந்தித்து வந்த பழைய சிக்கலே இது. மீட்புத் தடுப்பின் வரலாறு, மீட்ட சக்தியை ஏற்பவரைத் தேடிய வரலாறே என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தடுப்புக்கு வேண்டிய அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாயிற்று. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரெஸ்கொற் யூல் என்பார் 1840 ஆம் ஆண்டுகளில் நடத்திய சோதனைகளால், வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறத் தக்கவை என்பதையும், அம்மாற்றம் ஒரு நிலையான அளவைப் பின்பற்றுவது என்பதையும் நிறுவினார். சக்தி அழிவதில்லை, வடிவமே மாறுகின்றது என்னும் கோட்பாடு அதன்பின் உறுதி பெற்றது. உராய்வுத் தடுப்பிலே போனது அழிந்து போனதன்று, பயன்படாத வடிவிற் சிதறிப் போனதே என்பது அப்பொழுது விளங்கலாயிற்று.

மின்னைச் சேமித்து வைக்கும் கலத்தைப் பிரான்சு நாட்டுக் கஸ்தோன் பிளாந்தே 1859 இல் ஆக்கினார். ஈயத் தகடுகளும் கந்தகவமிலமும் கொண்ட அக்கலம், இறைக்குந்தோறும் மீள நிரப்பத் தக்கது. அந்நாட்டவரான கமீல் போர் 1881 இல் அத்தகடுகளைத் திருத்தியமைத்து, அதிக மின்னைக் கொள்ளவும் எளிதிற் செய்யவும் வழி கண்டார். இவ்விரண்டுக்கும் இடையில், 1873 இல் வியன்னா நகரிலே நடந்த உலகப் பொருட்காட்சியில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. செனோப் கிறாம் அமைத்த தைனமோ ஒன்றிற் பிறந்த மின்னை மற்றொரு தைனமோவுக்குச் செலுத்தியபோது, இரண்டாவது பொறி தானே சுழன்று வேலை செய்தது. தைனமோவும் மோட்டரும் ஒரே பொறியின் இரு முகங்களே என்பது இதனாற் பலரும் அறியப் புலனாயிற்று. சுழற்றினால் மின் தரும். மின் தந்தால் சுழலும். நிரப்பவும் இறைக்கவும் கூடிய கலம் ஒன்று, ஓட்டவும் தடுக்கவும் கூடிய பொறி ஒன்று என்னும் இரண்டும் கிடைத்தபின், மீட்புத் தடுப்புக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் அமைந்துவிட்டன எனலாம்.

இவ்வுறுப்புகளைச் செயலிற் பொருத்திய முன்னோடிகளுள் அமெரிக்கரான பிராங் ஸ்பிறேக் குறிப்பிடத் தக்கவர். அவர் நிறுவிய கம்பனி 1886 இல் வெளியிட்ட மோட்டர், வேகத்தைத் தணிக்கும்போது மின்னை வழங்கற் கம்பிக்கே திருப்பி அனுப்ப வல்லதாயிருந்தது. தெருவில் ஓடும் வண்டியிலே இம்முறையைக் கையாண்டவர் பாரிசு நகரத்து லூயி அந்துவான் கிறியேகர். குதிரை வண்டிகளின் முன்சில்லுகளிலே மோட்டர்களைப் பொருத்தி, 1890 ஆம் ஆண்டுகளில் அவர் ஆக்கிய வாடகை வண்டிகளின் மோட்டர்களில், மின்னை மீட்பதற்கென்றே இரண்டாவது கம்பிச் சுற்று ஒன்று அமைந்திருந்தது.

இரண்டாவது சுற்று வேண்டியதாயிருந்தது ஏன் என்பதும் நோக்கற்பாலது. அக்காலத்து இழுவை மோட்டர்கள் பெரும்பாலும் தொடர்ச்சுற்று மோட்டர்கள். அவற்றின் காந்தத்தை உண்டாக்கும் மின்னோட்டமும் சுழலியிற் பாயும் மின்னோட்டமும் ஒன்றே. புறப்படும்போது பேராற்றல் தருவதற்கு இவ்வமைப்பு உகந்தது. ஆனால், மின்னோட்டத்தின் திசை மாறும்போது காந்தத்தின் திசையும் உடன் மாற முற்படுவதால், மின்னைத் திருப்பி அனுப்புவதற்கு அது தானாக இசைவதில்லை. காந்தத்துக்குத் தனியே மின்னூட்டும் பக்கச்சுற்று இருந்தால் மட்டுமே மோட்டர் அமைதியாகத் தைனமோவாக மாறும்.

கிறியேகரின் வண்டிகளில் மீட்கப்பட்ட மின் சென்று சேர்ந்த இடம் ஈயக் கலமாகும். அக்கலத்தின் இயல்பு, நிரம்பிய கலம் தடுப்புக்கு உதவாமை ஏன் என்பதை முதன்முதலில் உணர்த்திற்று. கலம் நிரம்பும்போது தகடுகளிலுள்ள ஈயச் சல்பேற்று படிப்படியாக மறைகின்றது. மறையும்வரை வரும் மின் இரசாயன மாற்றத்துக்குச் செலவாகும். மறைந்த பின்னர் மாறுவதற்குப் பொருள் இல்லாமையால், வரும் மின் நீரைப் பிரித்து ஐதரசனையும் ஒட்சிசனையும் குமிழிகளாக வெளியேற்றும். கலம் ஒன்றின் மின்னழுத்தம் 2.4 வோல்ற் அளவை எட்டும்போது இக்குமிழி எழுச்சி மிகும். நீர் வற்றும், தகட்டிலுள்ள பசை உதிரும், வெளிவரும் வாயுக் கலவை தீப்பற்றும் இயல்புடையது. ஆகவே, நிறைந்த கலத்துட் பெரிய மின்னோட்டத்தைத் திடீரெனச் செலுத்துதல் கலத்தைக் கெடுப்பதாகும்.

இக்காலத்தில் மீட்புத் தடுப்பு மற்றொரு களத்திலும் சோதிக்கப்பட்டது. அது மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்பெற்றுத் தெருவில் ஓடிய திறாம் வண்டிகளின் களம். இங்கிலாந்திலே ஜோன் றேவேர்த் என்பார் 1903 முதல் 1908 வரை பெற்ற காப்புரிமைகளின் வழி, மீட்புத் தடுப்பு பல நகரங்களின் திறாம் சேவையிற் புகுந்தது. 1903 இல் டெவன்போர்ட் நகரிலும், பின்னர் றோட்டன்ஸ்ரோல், பேர்மிங்காம், குறொய்டன் முதலிய இடங்களிலும் அது கையாளப்பட்டது. இறக்கத்தில் இறங்கும் வண்டி மின்னைக் கம்பிக்குத் தர, ஏற்றத்தில் ஏறும் வண்டி அதனைப் பெற்றுக்கொள்ளும். நகரசபைகளின் மின்செலவு குறையும் என்பதே இதன் கவர்ச்சி.

இங்கே மின்கலம் இல்லை. கம்பியே கலத்தின் இடத்தை வகித்தது. ஆனால் கம்பி தானாக எதையும் சேமிப்பதன்று. அதனோடு தொடுத்த வேறொரு வண்டியோ பொறியோ அந்நேரத்தில் மின்னை வேண்டி நிற்றல் வேண்டும். வேண்டுவார் இல்லாத வேளையில் கம்பியின் மின்னழுத்தம் உயர்ந்துவிடும். வண்டியின் தொடுகோல் கம்பியை விட்டு விலகினாலோ, அனுப்பிய மின் செல்ல இடமின்றித் தடுப்பே இல்லாது போகும். இவ்வாபத்தை எண்ணியே அவ்வண்டிகளிற் சில்லுத் தடுப்பும், தண்டவாளத்தை அழுத்தும் தடுப்பும் உடன் வைக்கப்பட்டிருந்தன. எனினும், லங்காஷயரைச் சேர்ந்த றோட்டன்ஸ்ரோலிலே 1911 இல் நிகழ்ந்த கடுமையான விபத்தின் பின்னர், இவ்வகைத் தடுப்பு பிரித்தானியத் திறாம் வண்டிகளில் விலக்கப்பட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின்னரே அது மீண்டும் இடம்பெற்றது. சிக்கனத்துக்காகக் கொண்டுவரப்பட்ட முறை ஒன்று, பாதுகாப்பின் பெயரால் ஒரு தலைமுறைக் காலம் ஒதுக்கி வைக்கப்பட்டமை இவ்வரலாற்றில் மறக்கத் தகாத செய்தியாகும்.

ஏற்பவர் இல்லாத தடுப்பு இடருக்கு வழியாகும் என்பதைத் திறாம் வண்டி காட்டிற்றென்றால், ஏற்பவர் நிச்சயமாக இருக்கும் இடத்தில் அதே தடுப்பு எத்துணை நன்மை தரும் என்பதை மலைநாட்டு இருப்புப்பாதைகள் காட்டின. சுவிற்சர்லாந்தின் கொர்னர்கிராற் பாதை 1898 இலும், இத்தாலியின் ஜெனோவாவை அடுத்த ஜோவி ஏற்றப்பாதை 1910 இலும் மூன்றவத்தை மின்னைக் கொண்டு இயங்கலாயின. இம்மின்னால் ஓடும் தூண்டல் மோட்டர், தனக்கென வரையறுத்த வேகத்தைக் கடக்க முற்படும்போது தானாகவே தைனமோவாகிவிடும். இறங்கும் வண்டியின் பாரமே ஏறும் வண்டிக்குத் துணையாயிற்று. அமெரிக்காவின் றொக்கி மலைத்தொடரைக் கடக்கும் மில்வோக்கிப் பாதையிலே 1915 முதல் 3000 வோல்ற் நேர்மின்னோட்டத்தில் ஓடிய எஞ்சின்களும், சோவியத்து நாட்டுக் கோக்கசு மலையின் சுராமிக் கணவாயில் 1930 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியவையும் இதே முறையைக் கைக்கொண்டன.

இவற்றுள்ளும் சிறந்த எடுத்துக்காட்டு சுவீடனின் கிறுணாச் சுரங்கங்களிலிருந்து நோர்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு இரும்புத் தாதைக் கொண்டுசெல்லும் பாதையாகும். அங்கே வண்டிகள் தாது நிறைந்து இறங்குகின்றன, வெறுமையாக ஏறுகின்றன. இக்காலத்து எஞ்சின்கள் எல்லையிலுள்ள றிக்ஸ்கிறான்சன் முதல் துறைமுகம் வரை தாம் மீட்கும் மின்னில் ஐந்தில் ஒரு பங்கையே தாம் செலவிடுகின்றன. எஞ்சியது வெறுவண்டிகளை எல்லைவரை மேலேற்றப் போதுமானது. அதிலும் மிகுவது நாட்டின் மின்வலைக்குச் செல்கின்றது. மின்வலை என்பது நிரம்பாத கடல் போன்றது. ஒரு வண்டி கொடுக்கும் மின் அதனைத் தளும்பச் செய்வதில்லை. எனினும், கம்பி ஏற்க மறுக்கும் வேளைக்கென மின்றெயில்கள் பலவற்றில் மின்தடைகளும் வைக்கப்படுகின்றன. மீட்ட மின் அங்கே வெப்பமாகிக் காற்றில் விடப்படும். இரண்டாவது வாயில் ஒன்றில்லாமல் மீட்புத் தடுப்பை நம்புதல் ஆகாது என்னும் பாடத்தை இருப்புப்பாதையார் நன்கு கற்றிருந்தனர்.

தெருவில் ஓடும் மின்காரின் வரலாறு வேறு வழியிற் சென்றது. 1912 இல் கடிலாக் கார்களில் மின்னாற் புறப்படுவிக்கும் கருவி பொருத்தப்பட்டபின், கையாற் சுழற்றும் தொல்லை நீங்கிப் பெற்றோல் கார் மேலோங்கியது. மின்கார் படிப்படியாக ஒதுங்கிற்று. முதலாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்திலே செய்யப்பட்ட ஓர்வெல் மின்லொறியில் சாரதி வேண்டும்போது இணைக்கும் மீட்புத் தடுப்பு இருந்ததாயினும், அத்தகைய வண்டிகள் பெருகவில்லை. சுவிற்சர்லாந்தின் இவர்டோன் நகரில் 1953 முதல் 1960 வரை சேவையில் ஈடுபட்ட கைரோபஸ் என்னும் வண்டி புதுமையான ஒரு வழியைக் காட்டிற்று. அதிலே மின்கலத்துக்குப் பதிலாக ஏறக்குறைய ஒன்றரைத் தொன் நிறையுள்ள சுழற்சில்லு ஒன்று நிமிடத்துக்கு 3000 சுற்று வரை சுழன்று சக்தியைத் தேக்கி வைத்தது. தடுப்பின்போது கிடைக்கும் சக்தி அச்சில்லுக்கே திரும்பிற்று. ஆயினும் சுழற்சில்லுக்கும் ஒரு மேலெல்லை உண்டு. அவ்வேகத்தை எட்டியபின் அதுவும் நிறைந்த கலமே.

1967 இன் இறுதியில் அமெரிக்கன் மோட்டர்ஸ் கம்பனி காட்சிக்கு வைத்த அமிற்றன் என்னும் சிறிய மின்கார் இச்சிக்கலுக்கு மற்றொரு விடையைக் கூறிற்று. அதிலே இருவகைக் கலங்கள் இருந்தன. நெடுந்தூரம் ஓடுவதற்கு இலிதியக் கலங்கள். விரைந்து கொடுக்கவும் விரைந்து வாங்கவும் நிக்கல் கட்மியக் கலங்கள். சேமிப்பது வேறு, அவசரத்துக்கு வாங்குவது வேறு என்று இரண்டு பணிகளையும் பிரித்தமை அதன் சிறப்பாகும். அக்கார் விற்பனைக்கு வரவில்லையாயினும் அதன் சிந்தனை பின்வந்தோருக்குப் பயன்பட்டது.

1997 டிசெம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்த ரொயோட்டா பிறையஸ், பெற்றோல் எஞ்சினையும் மின்மோட்டரையும் ஒருங்கே கொண்ட கலப்புக் கார். அதன் நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலவடுக்கு சிறியது. நீண்ட இறக்கம் ஒன்றில் விரைவில் நிரம்பிவிடக் கூடியது. ஆகவே அதனை ஆக்கியோர், கலவடுக்கை ஒருபோதும் முற்றாக நிரப்பாமலும் முற்றாக இறைக்காமலும் நடுநிலையிலேயே வைத்திருக்குமாறு கட்டுப்பாட்டை அமைத்தனர். கொடுப்பதற்கும் எப்பொழுதும் சிறிது இருக்கும். வாங்குவதற்கும் எப்பொழுதும் இடம் இருக்கும். அதற்கும் மேலாக, நீண்ட இறக்கங்களுக்கென மாற்றுப்பிடியிலே தனி நிலை ஒன்றும் உண்டு. அந்நிலையில் எரிபொருள் இல்லாமலே எஞ்சின் சுழற்றப்பட்டு, மிகுந்த சக்தி அதன் உராய்விலும் காற்றழுக்கத்திலும் செலவழிக்கப்படுகின்றது. இருப்புப்பாதையின் மின்தடைக்குப் பதிலாகக் காரின் எஞ்சினே இரண்டாவது வாயில் ஆயிற்று.

முழு மின்காரில் இவ்வசதி இல்லை. அங்கே எஞ்சின் என்பது கிடையாது. அதன் வளர்ச்சிக்கு வழிதிறந்தது 1991 இல் சந்தைக்கு வந்த இலிதியம் அயன் கலமாகும். இதற்கு அடிகோலிய குடினவ், விற்றிங்காம், யொஷினோ என்னும் மூவருக்கும் 2019 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கலத்தை நிரப்பும்போது இலிதியம் அயன்கள் நேர்முனையை விட்டுச் சென்று எதிர்முனையிலுள்ள காரீயப் படைகளின் இடையே புகுந்து தங்குகின்றன. படைகளின் இடைவெளி நிரம்ப நிரம்ப, புதிதாக வருவன இடம் தேடித் தாமதிக்கும். அவ்வேளையில் மின்னோட்டத்தை வலிந்து செலுத்தினால், அயன்கள் உள்ளே புகாமல் மேற்பரப்பிலே உலோகமாகப் படியும். மின்பகு திரவமும் சிதையத் தொடங்கும். இது கலத்தின் ஆயுளைக் குறைப்பதோடு தீவிபத்துக்கும் ஏதுவாகலாம். கடுங் குளிரிலும் அயன்களின் நடை மந்தமாவதால், கலம் நிரம்பாதிருந்தும் இதே தடை நேர்கின்றது.

எண் கொண்டு நோக்கினால் இது மேலும் தெளிவாகும். பெரும்பாலான இலிதியம் அயன் கலங்களுக்கு 4.2 வோல்ற் மேலெல்லையாகக் கொள்ளப்படுகின்றது. நடுநிலையில் கலத்தின் மின்னழுத்தம் 3.7 வோல்ற் எனக் கொண்டால், எல்லையைத் தொடுவதற்கு 0.5 வோல்ற் இடைவெளி உண்டு. கலம் நிரம்பி 4.15 வோல்ற் ஆனபோது எஞ்சும் இடைவெளி 0.05 வோல்ற் மட்டுமே. கலத்தின் உட்டடை மாறாதென்று வைத்துக்கொண்டால், அது ஏற்கக் கூடிய மின்னோட்டமும் பத்தில் ஒன்றாகக் குறைகின்றது. ஆகவே மீட்புத் தடுப்பு, கலம் நூற்றுக்கு நூறு நிரம்பிய கணத்திலே திடீரென நிற்பதன்று. நிறைவை அணுக அணுகப் படிப்படியாகத் தளர்வது.

இங்கே சக்தி வேறு, வலு வேறு என்பதையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். 1500 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்கச் சக்தி ஏறக்குறைய 0.16 கிலோவாற்று மணியாகும். 24 கிலோவாற்று மணி கொள்ளும் கலவடுக்குக்கு இது நூற்றில் ஒரு பங்கும் ஆகாது. ஆனால் அக்காரை ஐந்து செக்கனில் நிறுத்துவதாயின், அச்சிறிய சக்தி சராசரி 116 கிலோவாற்று வலுவோடு வந்து பாயும். வன்னிக் குளத்தின் உவமையால் இதனை விளக்கலாம். ஒரே நாளில் வந்து விழும் வெள்ளத்தின் மொத்த அளவு குளத்துக்குச் சிறிதாயிருக்கலாம்; அது வரும் வேகமே அணைக்கட்டை உடைப்பது. குளம் நிரம்பும் நிலையில் இருந்தால் வான்கதவு இல்லாமற் காவல் இல்லை.

மலையிறக்கத்திலோ வலுவோடு சக்தியின் அளவும் சேர்ந்து வினாவாகின்றது. இலங்கையில் 2014, 2015 ஆம் ஆண்டுகளை ஒட்டி நிசான் லீப் மின்கார்கள் கணிசமான தொகையில் வந்திறங்கின. 2010 டிசெம்பரில் யப்பானிலும் அமெரிக்காவிலும் முதலில் விற்பனைக்கு வந்த அக்காரின் தொடக்க வகை 24 கிலோவாற்று மணிக் கலவடுக்கும் ஏறக்குறைய 1500 கிலோகிராம் நிறையும் உடையது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமநிலத்திலே இச்சிக்கல் பெரிதாகத் தோன்றாது. ஆனால் கடல்மட்டத்துக்கு மேல் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இரவு முழுவதும் மின்னேற்றி, விடியற்காலையிற் கண்டிக்கு இறங்கும் காரை எண்ணிப் பார்க்கலாம். சுமார் 1350 மீற்றர் இறங்குவதால் விடுபடும் சக்தி 5.5 கிலோவாற்று மணியாகும். கலவடுக்கின் கொள்ளளவில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். காற்றும் சில்லின் உராய்வும் அதில் ஒரு பகுதியைக் கொள்ளும். எஞ்சியதை ஏற்கக் கலத்தில் இடமில்லை. அதிகாலைக் குளிரும் உடன்சேரும். ஆகவே முதல் வளைவுகளில் உராய்வுத் தடுப்பே முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியதாகின்றது. அதே கார் பாதி நிரம்பிய கலத்தோடு இறங்குமாயின், இறக்கம் முழுவதும் மின்னை மீட்டுக்கொண்டே செல்லும்.

2016 இன் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செவ்ரொலே போல்ற் என்னும் மின்காரை ஆக்கியோர் இதனையே எண்ணினர் போலும். மலைமேல் வாழ்வோருக்கென அக்காரில் தனி ஏற்பாடு ஒன்று வைக்கப்பட்டது. அதனைத் தெரிந்தெடுத்தால், கலவடுக்கு முழுமைக்குச் சற்று முன்னரே மின்னேற்றத்தை நிறுத்திக்கொள்ளும். வாங்கும் இடத்தை வேண்டுமென்றே வெறுமையாக விடுதலே இதன் கருத்து.

இதே உண்மை பெருஞ் சுமை ஏற்றும் வண்டியில் இன்னும் சிறப்பாகத் துலங்குகின்றது. சுவிற்சர்லாந்தின் பீல் நகருக்கு அண்மையிலுள்ள சுண்ணாம்புக்கல் அகழ்விடம் ஒன்றில் உழைக்கும் மின்லொறி ஒன்று, 45 தொன் வெறுநிறையோடு மலையேறி, 65 தொன் கல்லை ஏற்றிக்கொண்டு இறங்குகின்றது. இறங்கும்போது நிறை இருமடங்குக்கும் மேலாதலால், ஏறச் செலவிட்டதை ஈடுசெய்யும் அளவுக்கு அது மின்னை மீட்டுக்கொள்கின்றது. இது இயல்வது ஏனெனில், ஏற்றமே முதலில் வருகின்றது. ஏறும்போது கலத்தில் இடம் உண்டாகின்றது. மலையடியில் நிரப்பிப் புறப்படும் வண்டிக்கு நிறைவால் தீங்கில்லை. மலையுச்சியில் நிரப்பிப் புறப்படும் வண்டிக்கே அது இடையூறு.

இனி, மனிதனின் பழக்கம் பற்றிய ஒரு செய்தி எஞ்சியுள்ளது. இக்கால மின்கார்கள் பலவற்றில் வேகமிதியிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தே மீட்புத் தடுப்புத் தொடங்கி வண்டியை நன்கு தணித்துவிடுகின்றது. சில நாட்களில் ஓட்டுநரின் கால் அதற்குப் பழகிவிடும். பழகிய காலுக்கு, முழு மின்னேற்றத்தோடு புறப்படும் ஒரு காலைப்பொழுதில், நேற்று நின்ற வண்டி இன்று நில்லாது வழுக்கிச் செல்வது போலத் தோன்றும். வண்டி பழுதானதன்று, ஏற்கும் கலம் நிறைந்துவிட்டது, அவ்வளவே. ஆயினும் எதிர்பாராத அந்தக் கணமே ஆபத்தின் கணமாகும். ஓட்டுநர் அறியாத ஒரு காரணத்தால் தடுப்பின் வன்மை நாளுக்கு நாள் வேறுபடுதல் தகாது என்னும் கொள்கை இதனாற் பிறந்தது.

தடுப்புகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் 13-எச் ஒழுங்குவிதி இக்கொள்கையைச் சட்டமாக்கியுள்ளது. மின்மீட்புத் தடுப்பை அது இரு வகையாகப் பிரிக்கின்றது. சாரதி மிதிக்கும் பிறேக்கின் பகுதியாக அமையாதது ஒரு வகை. அதன் பகுதியாகவே அமைவது மற்றொரு வகை. இரண்டாம் வகையில், கலவடுக்கின் மின்னேற்ற நிலை மாறுவது போன்ற காரணங்களால் மீட்புத் தடுப்பின் வன்மை கூடிக் குறையுமாயின், உராய்வுத் தடுப்பு அதனைத் தானாகவே ஈடுசெய்தல் வேண்டும் என அவ்விதி கூறுகின்றது. மிதிப்பவரின் கால் வேறுபாட்டை உணரலாகாது என்பதே இதன் சாரம். வேகமிதியை விடும்போது நிகழும் தணிப்புக்கும் கம்பனிகள் இதே வழியை நாடின. 2017 இல் வந்த இரண்டாம் தலைமுறை லீப் காரின் ஒற்றைமிதி ஏற்பாட்டிலே, மீட்பு போதாதவிடத்து உராய்வுத் தடுப்பும் தானாக இணைந்துகொள்கின்றது. மீட்பு குறைந்துள்ளதைத் திரையிற் காட்டி எச்சரிப்பதோடு அமைந்திருந்த ரெஸ்லாவும், 2022 இல் இத்தகைய ஈடுசெய்யும் வசதியைத் தன் கார்களிற் சேர்க்கத் தொடங்கியது.

இவ்வரலாற்றை ஒருசேர நோக்குமிடத்துச் சில முடிவுகள் தெளிவாகின்றன. மீட்புத் தடுப்பில் மோட்டரின் ஆற்றல் பாதி. ஏற்பவரின் ஆற்றல் மறுபாதி. திறாம் வண்டிக்கு ஏற்பவராய் அமைந்தது கம்பியில் ஓடிய மற்றொரு வண்டி, மலைப்பாதைக்கு மின்வலை, கைரோபஸ்ஸுக்குச் சுழற்சில்லு, இக்கால மின்காருக்கு இலிதியக் கலம். ஏற்பவர் மாறினும் விதி மாறவில்லை. ஏற்பவர் மறுக்கும் வேளைக்கு மூன்று வழிகளே காணப்பட்டன: மின்தடையும் உராய்வுக் கட்டையும் போல மிகுந்ததை வெப்பமாக்கி விடுதல், பிறையசும் போல்ற்றும் போல முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்தல், அமிற்றனைப் போல விரைந்து வாங்கும் கலத்தைத் தனியே வைத்தல். இவற்றுள் முதல் வழியை எக்காலத்துப் பொறியியலாளரும் முற்றாகக் கைவிட்டதில்லை. மின்காரின் சில்லுகளில் இன்றும் பழைய உராய்வுத் தடுப்பு இருப்பதன் காரணம் இதுவே.

நாள்தோறும் மின்காரை ஓட்டுவோர் இதிலிருந்து கொள்ளத் தக்க நெறி எளியது. நெடும்பயணம் இல்லாத நாளில் கலத்தை விளிம்புவரை நிரப்ப வேண்டுவதில்லை. நிரப்பிய நாளில், குறிப்பாக இறக்கத்தை நோக்கிப் புறப்படும் நாளில், கால் பிறேக் மிதியின்மேல் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். சேமிப்பின் நோக்கம் நிறைத்தல் மட்டுமே என எண்ணுவது உலக இயல்பு. சேமிக்கும் கலத்தில் வெறுமைக்கும் ஒரு பயன் உண்டென்பதை, றோட்டன்ஸ்ரோல் விபத்து முதல் இன்றைய ஒழுங்குவிதிகள் வரை நீளும் இவ்வரலாறு எடுத்துக் காட்டுகின்றது.